மாட்டுக்கும் அடுப்புக்கும் ஒரே புல்: டெல்டாவில் கம்பு நேப்பியர் வளர்க்கும் முறை

காவிரி டெல்டாவில் மாட்டுத் தீவனம் என்றால் அது பெரும்பாலும் வைக்கோல்தான். குறுவை, சம்பா, தாளடி என எல்லாப் பட்டத்திலும் நெல்லே நிற்கும் நஞ்சையில், புல்லுக்கென்று தனியாக நிலம் ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. வரப்பில் அறுத்த புல்லும் அறுவடைக்குப் பிந்திய தரிசு மேய்ச்சலும் போக, மிச்சப் பசியை வைக்கோல் போர் ஆற்றி வந்தது. உழவுக்கும் வண்டிக்கும் உம்பளச்சேரி மாடு கட்டியிருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. கலப்பினக் கறவை மாடு நிற்கும் தொழுவத்துக்கு அது போதாது. பசுந்தீவனக் குறையைத் தவிட்டாலும் புண்ணாக்காலும் ஈடுகட்டப் பார்த்தால், பால் பணத்தின் பெரும்பகுதி தீவனக் கடைக்கே போய்விடும். அதே தொழுவத்தின் சாணம் எருக்குழியில் வெயில் காய, அடுப்புக்குச் சிலிண்டர் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். இந்த இரண்டையும் ஒரே நிலத்துண்டால் சமாளிக்கக்கூடிய பயிர் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். அதை வளர்ப்பதில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. ஆனால் டெல்டாவில் அது தழைப்பதும் அழுகுவதும், ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே உரக்கணக்கைவிட இடத்துக்கும் காலத்துக்குமே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிரும் ரகமும்

பல்லாண்டு வாழ்ந்து தீவனமும் எரிபொருளும் தரும் பயிர் எது என்று தேடுவோர், மத்தியதரைக் கடல் நாடுகளில் வளர்க்கப்படும் கார்டூன் என்ற முட்செடியைப் பற்றிப் படித்திருக்கலாம். ஆர்டிசோக்குக்கு நெருங்கிய உறவான அந்தச் செடி குளிர்கால மழையில் இலைவிட்டு வளர்ந்து, வறண்ட கோடையில் மேல்பாகம் காய்ந்து, அடுத்த மழை தொடங்கும்போது வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. இலை தீவனமாகிறது, காய்ந்த தண்டு எரிபொருளாகிறது, விதையில் எண்ணெய் எடுக்கிறார்கள். ஸ்பெயினுக்கும் சார்டினியத் தீவுக்கும் பொருந்தும் அந்த ஒழுங்கு நம் பருவத்துக்கு நேர்மாறானது. குளிரில்லாத மழைக்காலமும் நாள்கணக்கில் ஈரம் வடியாத களிமண்ணும் உள்ள ஊரில், தண்ணீர் தேங்கினால் வேரழுகும் செடியைக் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. அதே இரண்டு வேலையையும் நம் வெயிலில் செய்யும் புல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

கம்பையும் ஆப்பிரிக்க நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியதே கம்பு நேப்பியர். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் கோ 4 ரகத்தையும், 2012-இல் கோ 5 ரகத்தையும் வெளியிட்டது. கோ 8 கம்பையும் நேப்பியரையும் சேர்த்து வந்தது கோ 4. அதில் புரதம் சுமார் 10 விழுக்காடு, கோ 5 ரகத்தில் அதைவிடக் கூடுதல், தண்டும் மென்மையானது. தாய்லாந்திலிருந்து வந்து சூப்பர் நேப்பியர் என்ற பெயரில் விற்கப்படும் பாக்சோங் புல்லும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. எடை அதில் குறைவில்லை. ஆனால் சற்று முற்றவிட்டாலும் தண்டு கரும்பு போலத் தடித்து, மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைத் தொட்டியிலேயே ஒதுக்கிவிடும். கறவை மாடு முதன்மை என்றால் கோ 5 வைப்பதே நல்லது என்பது என் கருத்து. இந்த ஒட்டுப்புற்கள் எதிலும் முளைக்கும் விதை பிடிப்பதில்லை. கணுவோடு நறுக்கிய தண்டுத் துண்டான கரணையை வைத்தே பெருக்க வேண்டும். ஆகவே விதைப் பொட்டலம் என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

எந்த இடத்தில் வைப்பது

நடுவதற்கு முன், போன கார்த்திகையில் அந்த இடம் எப்படி இருந்தது என்பதை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். கணுக்கால் அளவுத் தண்ணீர் மூன்று, நான்கு நாள்களில் வடிந்துவிட்ட இடமானால் வைக்கலாம். வாரக்கணக்கில் நின்ற இடமானால், அங்கே கம்பு நேப்பியரை மறந்துவிட்டு எருமைப்புல் வைப்பதே சரி. அந்தப் புல் தேங்கிய நீரிலும் படர்ந்து வளரும், எடையில் மட்டும் ஈடாகாது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை நஞ்சைகளில் பலவும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. உள்ளூர் மழையோடு மேலிருந்து வரும் வடிகால் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும் ஊர்களில் வயலின் நடுவே புல் வைப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

ஆனால் அதே ஊர்களில் திடல்கள் உண்டு. கொல்லைப்புறம், களத்துமேடு, போர்செட் கொட்டகையைச் சுற்றியுள்ள மேடு, பண்ணைக்குட்டை வெட்டிய மண்ணைக் கொட்டிய அகலக்கரை ஆகிய எல்லாமே புல்லுக்கு ஏற்ற இடங்கள். காவிரி, கொள்ளிடக் கரையோரப் படுகை நிலங்களில் வண்டல் கலந்த மணற்பாங்கு இருப்பதால் வேர் ஆழமாக இறங்கும். ஆற்றில் வெள்ளம் புரண்டால் மட்டும் இழப்பு வரும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தின் புது ஆற்று (கல்லணைக் கால்வாய்)ப் பாசனப் பகுதியில் இலகுவான மண் அதிகம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த இளந்தோப்புகளில் வரிசைகளுக்கு இடையே புல் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஆறடியாவது விட்டுவிட வேண்டும். புல்லின் வேர் பொல்லாதது. உரத்தில் கன்றுக்குப் பங்கு மிஞ்சாது.

நெல் வயலின் உள்வரப்பில் வைப்பதை மட்டும் தவிர்க்கலாம். தூர் பருத்ததும் அதன் அடியில் எலி வளை தோண்டும். வளை வாய் இலைக்குள் மறைந்திருப்பதால் கிட்டி வைப்பவருக்கும் தெரியாது. புல்லால் கிடைத்த லாபத்தைக் கதிர் வெட்டில் இழக்க நேரும்.

கனத்த களிமண்ணைத் தவிர வேறு மேடு இல்லாதவர்கள் மேட்டுப்பாத்தி போடலாம். நான்கடி அகலப் பாத்தியும் பாத்திக்கு நடுவில் ஓரடி ஆழ வாய்க்காலும் எடுத்து, எல்லா வாய்க்காலும் வயலின் தாழ்ந்த மூலையில் கூடி வடிகாலுக்கு இறங்கும்படி செய்ய வேண்டும். வடிகால் உங்கள் நிலத்தைத் தாண்டி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்; பக்கத்து வயல்காரர் வரப்பை உயர்த்திவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். அதை மழைக்கு முன்னால் பேசித் தீர்த்துக்கொள்வது நலம்.

நடவு

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை நம்பி இந்தப் புல்லை ஆடியில் வைப்பவர்கள் பலர். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு, வேலைக்கு ஆளும் ஈரமும் ஒன்றாகக் கிடைப்பதால் அந்த மாதம் வசதியாகத் தோன்றும். ஆடி முதல் வாரத்தில் வைத்தால் புரட்டாசிக் கடைசியில் முதல் அறுப்புக்கு வரும், அதுவரை பரவாயில்லை. ஆடிக்கடைசி, ஆவணி என்று தள்ளிப்போனால் தூர் கட்டாத இளம்பயிர் அடைமழையில் மாட்டிக்கொள்ளும். கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ளவர்கள் சம்பா அறுவடை முடிந்த மாசியிலேயே நட்டுவிடுவது எல்லா வகையிலும் மேல்: மழைக்குள் நான்கு அறுப்பு கிடைக்கும், வேரும் ஆழம் பார்த்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நடவே கூடாது. அந்த மாதங்களில் ஊன்றிய கரணையைப் பத்து நாள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால், வெட்டுவாய் கறுத்து, உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய சோறு பழுப்பாகிப் புளித்த வாடை அடிக்கும்.

நிலத்தை இரண்டு, மூன்று உழவு உழுது, ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் போட்டு, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். அடியுரமாக ஏக்கருக்கு 65 கிலோ யூரியா, 125 கிலோ சூப்பர் பாஸ்பேட், 27 கிலோ பொட்டாஷ் இட்டு, முப்பதாம் நாள் களையெடுத்த பின் இன்னொரு 65 கிலோ யூரியா கொடுத்தால் போதும். மூன்று மாதம் வயதான தண்டின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு கணு உள்ள கரணைகளாக நறுக்க வேண்டும். நுனித்தண்டு இளசு, சீக்கிரம் வாடும். கணுவிலுள்ள பரு மேல்நோக்கி இருக்கும்படி கரணையைப் பாரின் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒன்று வெளியிலும் நிற்க 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றியதும் சில முளைக்கும், ஆனால் பின்தங்கியே நிற்கும். இந்த இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 13,300 கரணை பிடிக்கும்; ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான மா கணக்கில் சொன்னால் ஒரு மாவுக்கு 4,400. நட்ட அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர், பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை.

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் கலந்து நட்டால் இரண்டையும் சேர்த்தே அறுக்கலாம். இது விருப்பம் அல்ல, தேவை என்றே கொள்ள வேண்டும். கம்பு நேப்பியரில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது மாட்டின் உடம்பில் சேர வேண்டிய கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நெல் வைக்கோலிலும் அதே பொருள் உண்டு, கால்சியமோ குறைவு. ஆகவே வைக்கோலும் நேப்பியரும் மட்டும் தின்னும் டெல்டா மாட்டுக்கு இந்தப் பாதிப்பு இரண்டு பக்கமிருந்தும் வருகிறது; கன்று போட்ட மாடு எழ முடியாமல் படுத்துக்கொள்ளும் நோய்க்கு அது வழிசெய்யும். நாளொன்றுக்கு 5 கிலோ பயறுவகைத் தீவனமும், தாது உப்புக் கலவை 50 கிராமும் கொடுத்தால் இந்த அச்சம் பெரிதும் நீங்கும்.

அறுப்பு

முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அதன்பின் 45 நாளுக்கு ஒரு முறை. ஆனால் மொத்த நிலத்தையும் ஒரே நாளில் அறுத்தால், ஒரு வாரம் புல் குவிந்தும் மறு மாதம் தொட்டி காய்ந்தும் கிடக்கும். நிலத்தை 45 துண்டாகக் குச்சி நட்டுப் பிரித்து, நாளுக்கு ஒரு துண்டு அறுத்துக்கொண்டே போனால், கடைசித் துண்டு முடியும்போது முதல் துண்டு மீண்டும் தயாராக இருக்கும். ஒரு மாவில் நாளுக்கு நூறு தூர் வீதம் வரும். கருக்கரிவாளோடு போனால் காப்பி குடிக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை.

பரிந்துரைத்த உரமும் தண்ணீரும் தவறாமல் கிடைத்தால் ஹெக்டேருக்கு ஆண்டில் 350 டன்னுக்கு மேல் விளையும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் மண்ணிலும் மழையிலும் அதில் அறுபது விழுக்காட்டை எதிர்பார்த்துத் திட்டமிடுவதே விவேகம். அப்படிப் பார்த்தால் ஒரு மாவில் ஆண்டுக்கு 28 முதல் 30 டன், அதாவது நாளுக்கு 80 கிலோ அளவில் கிடைக்கும். மாட்டுக்கு 25 கிலோ வீதம் மூன்று கறவை மாட்டுக்குப் போதும். அறுத்த புல்லை இரண்டு மணி நேரமாவது நிழலில் வாடவிட்டு, ஓரங்குலத் துண்டாக நறுக்கிப் போட வேண்டும். நறுக்காமல் போட்டால் கால்வாசி காலடிக்குத்தான் போகும். 45 நாளுக்கு முன்னதாக அறுத்த இளம்புல்லில் ஆக்சலேட் அதிகம். 60 நாள் தாண்டினால் நார் ஏறிவிடும்.

ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தழைச்சத்து கொடுத்தாக வேண்டும். ஏக்கருக்கு 65 கிலோ யூரியா என்பது பரிந்துரை. சாண எரிவாயுக் கலனின் கழிவை வாய்க்கால் தண்ணீரில் கரைத்துவிடுபவர்கள் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் பார்க்கலாம். இலை வெளிறாத வரை கவலையில்லை. மூடாக்கு வானமும் மழையுமாக இருக்கும் நாள்களில் யூரியாவை அள்ளி வீசிவிட்டு உடனே அறுத்துப் போடக் கூடாது. அப்போது புல்லில் நைட்ரேட் தங்கி மாட்டுக்கு நஞ்சாகலாம்.

மழை மாதங்கள்

புரட்டாசி வந்ததும் முறையை மாற்ற வேண்டும். மற்ற மாதங்களில் நான்கு விரற்கடை விட்டு அறுக்கும் தூரை, புரட்டாசிக் கடைசியிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டே அறுக்க வேண்டும். வளர்ந்த தூர் சில நாள் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். அறுத்த கட்டை முழுவதும் முழுகினால் வெட்டுவாய் வழியாக நீர் இறங்கி அழுகும். வாய்க்கால்களைத் தூர்வாருவதும் இந்த மாதத்து வேலை.

ஐப்பசியில் வயலுக்குள் கால் வைக்க முடியாத நாள்கள் வரும், வைக்கோலும் நனைந்திருக்கும். அதற்காகப் புரட்டாசியில் வயதுக்கு வந்த துண்டுகளை மொத்தமாக அறுத்து ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) போட்டுக்கொள்வது நல்லது. ஒரு நாள் வாடவிட்டு, ஓரங்குலமாக நறுக்கி, கம்பு நேப்பியரில் இனிப்புச் சத்து குறைவு என்பதால் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடுக்கடுக்காக மிதித்து நிரப்ப வேண்டும். ஒரு பிடி புல்லை உள்ளங்கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிய வேண்டும். அதுவே சரியான ஈரம். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் 45 நாளில் மஞ்சள் கலந்த பச்சையாக, இளம் புளிப்பு மணத்தோடு தயாராகும். பூஞ்சை பிடித்த மேல்பகுதியை எடுத்து எறிந்துவிட வேண்டும், மாட்டுக்குப் போடக் கூடாது. மூன்று மாட்டுக்குத் தலைக்கு 10 கிலோ வீதம் ஒன்றரை மாதம் தாக்குப்பிடிக்க 1,350 கிலோ வேண்டும். ஆவணிக் கடைசியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தால் மழை வலுக்கும்போது முதல் பீப்பாயைத் திறக்கலாம்.

கோடையின் சிக்கல் வேறு. ஜனவரி 28-இல் அணை மூடினால் ஜூன் வரை ஆற்றுத் தண்ணீர் இல்லை. கிணறு இல்லாதவர்களின் புல் காய்ந்து நின்று, தண்ணீர் வந்ததும் துளிர்க்கும். வெடித்த களிமண்ணில் சில தூர் செத்துவிடும். ஆண்டுக்கு ஏழு அறுப்பு அவர்களுக்கு நான்காகச் சுருங்கும் என்பதைத் தெரிந்தே நட வேண்டும்.

புல்லிலிருந்து எரிவாயு

புல்லை நேரே கலனில் போடுவதைவிட, மாட்டின் வயிற்று வழியாகக் கலனுக்கு அனுப்புவதே வீட்டு அளவில் சிக்கனமானது. பால் முதலில் கிடைக்கிறது, நறுக்கி அரைக்கும் வேலையை மாடே செய்துவிடுகிறது, செரிக்க வைக்கும் நுண்ணுயிரும் சாணத்திலேயே இருக்கிறது. 25 கிலோ சாணத்துக்குச் சுமார் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். மூன்று கறவை மாட்டின் சாணம் நாளுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைக் கன மீட்டர் வரும். அது நான்கைந்து பேர் கொண்ட வீட்டின் சமையலுக்கு ஏறக்குறையப் போதும். ஒரு கன மீட்டர் வாயு 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம் என்பதால், மாதத்துக்கு ஒன்றரைச் சிலிண்டர் மிச்சமாகும் கணக்கு இது. இதற்கு, நிலத்தடியில் குவிமாடமாகக் கட்டும் தீனபந்து வகைக் கலன் 2 கன மீட்டர் அளவில் பொருத்தமானது. நிலத்தடி நீர் மேலேறும் இடத்தில் குழி வெட்டினால் மழைக்காலத்தில் நீர் அழுத்தம் கலனையே தூக்கிவிடக்கூடும். அங்கும் மேடுதான் வேண்டும்.

சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, கல்லும் வைக்கோலும் இல்லாமல் உள்ளே விட வேண்டும். முற்றிப்போன புல்லும் தொட்டியில் மாடு ஒதுக்கிய தண்டும் மிச்சமாகும்போது அதையும் சேர்க்கலாம், ஆனால் அளவோடு: அரையங்குலத்துக்கு மேல் இல்லாமல் நறுக்கி, ஒரு நாள் கலன் கழிவிலேயே ஊறவைத்து, சாணத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நீளத்தண்டு கலனுக்குள் மிதந்து ஆடையாகப் படிந்து வாயுவை மேலேற விடாது. தீனபந்து போன்ற மூடிய கலனில் அதைக் கலைப்பது கடினம். பச்சைப்புல் கூடிப்போனால் உள்ளே புளிப்பேறி, வாயு வந்தாலும் தீப்பிடிக்காது. அப்போது புல்லை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் சாணம் மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும். சுடர் நீலமாக நின்று எரிந்தால் எல்லாம் நலம். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் கலனுக்குள் ஆளை இறக்கக் கூடாது. உள்ளிருக்கும் வாயு மணத்தால் எச்சரிக்கும் முன்பே மயக்கிவிடும்.

இயற்கை எரிவாயுவுக்கு ஈடான அழுத்தப்பட்ட உயிர்வாயுவை ஊக்குவிக்க 2018 அக்டோபரில் மத்திய அரசு சதத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, நேப்பியர் புல்லையே மூலப்பொருளாக வாங்கும் ஆலைகளைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தூரம். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பத்து டன் ஏற்றிய லாரி உண்மையில் சுமப்பது இரண்டு டன் உலர்பொருளைத்தான். வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யார் தலையில் என்பதும், ஈரம் கூடினால் விலை குறைப்பார்களா என்பதும், மழையில் லாரி வர முடியாத மாதத்தில் முற்றிய புல்லை என்ன செய்வது என்பதும் எழுத்தில் இல்லாமல் நெல் நிலத்தைப் புல்லுக்கு மாற்ற வேண்டாம்.

தூர் பிரித்தலும் நிலத்தை மீட்டலும்

ஐந்தாறு அறுப்புக்கு ஒரு முறை காய்ந்த கட்டைகளைக் கழித்துவிட வேண்டும். தூர் பருத்து நடுவில் பொக்கையாகி, ஓரத்தில் மட்டும் துளிர் வரத் தொடங்கினால், மண்வெட்டியால் நான்காகப் பிளந்து ஒரு பாகத்தை மட்டும் விட்டு மற்ற மூன்றையும் பெயர்த்து, புது இடத்துக்கோ அண்டை வீட்டுக்காரருக்கோ கொடுக்கலாம். வேரோடு கூடிய அந்தத் துண்டு கரணையைவிடச் சீக்கிரம் பிடிக்கும்.

நிலத்தை மீண்டும் நெல்லுக்குத் திருப்ப நினைத்தால் சித்திரை, வைகாசியே ஏற்ற காலம். தூர்களைக் கலப்பையால் புரட்டி, வேர் மேல்நோக்கி இருக்கும்படி வெயிலில் மூன்று வாரம் காயவிட்டுப் பொறுக்கி எடுத்த பிறகே குறுவைக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். பச்சையாக இருக்கும்போதே சேற்றில் அமுக்கி உழுதால், நாற்று நட்ட வயலில் பாதியிடத்தில் புல் தலைதூக்கும்; அதைக் கையால் பிடுங்குவதற்கு ஆகும் கூலி, தூர் பொறுக்கும் கூலியைவிடப் பல மடங்கு.